கோழிச் செட்டைப் பொரியல்: எந்தச் சோடாவில் ஊற வைப்பது, எந்தச் சோடாவில் தோய்ப்பது

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒருவர் சோடா என்று சொன்னால் அது மூன்று பொருள்களில் எதுவாகவும் இருக்கலாம். விருந்தாளி வந்ததும் உடைத்துக் கொடுக்கும் இனிப்பு மென்பானம் ஒன்று. சீனியோ வாசனையோ இல்லாத, வாயுவை மட்டும் அடைத்த வெறுஞ்சோடா மற்றொன்று. மூன்றாவது அப்பத்துக்குக் கரைத்த மாவைப் பொங்க வைக்கும் அப்பச்சோடா. சோடாவில் ஊற வைத்த கோழி என்ற சமையற்குறிப்பைக் கேள்விப்பட்டுச் செய்து பார்த்து ஏமாந்தவர்களிற் பலர், இந்த மூன்றில் எது எந்த வேலைக்கு என்று பிரித்தறியாமல் அடுப்பில் தாச்சியை வைத்தவர்களே. நானும் அவர்களில் ஒருவன். முதன்முறை கையில் அகப்பட்ட கிரீம் சோடாவை ஊற்றி ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து பொரித்தேன். வெளிப்புறம் கருகிப்போனது, எலும்போரம் வேகவில்லை, அடுக்களை எல்லாம் கேக் வாசம். இந்த வழிகாட்டி அந்தத் தோல்விக்குப் பிறகு பல தடவை செய்து திருத்திக்கொண்ட முறையைச் சொல்கிறது.

சோடாவின் குமிழி இறைச்சிக்குள் புகுந்து அதை மென்மையாக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். சோடாவில் உப்பைப் போட்டுப் பாருங்கள்: பொங்கி நுரைத்துச் சில நிமிடங்களில் வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். நான்கு மணித்தியாலம் ஊறும் கோழிக்குக் குமிழி ஒன்றும் செய்ய நேரமில்லை. அங்கே உண்மையில் வேலை செய்பவை உப்பும், பானத்திலுள்ள சீனியும், சிறிதளவு அமிலமுமே. உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்தி, வேகும்போது நீர் பிழிந்து வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. சீனி, பொரியும்போது புரதத்தோடு சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகிறது. எலுமிச்சைச் சுவையுள்ள பானங்களில் இருக்கும் சிற்றிக் அமிலம் மேற்பரப்பை மட்டும் சற்று இளக்குகிறது. வாயுவுக்கு உரிய இடம் ஊறல் நீர் அன்று. கடைசியில் மாவோடு சேரும் இடமே. ஆகவே இந்த முறையில் இரண்டு சோடாக்கள் வேண்டும்: ஊற வைக்க இனிப்புள்ளது, தோய்க்கச் சில்லென்ற வெறுஞ்சோடா.

சோடாவைத் தெரிவு செய்தல்

ஊற வைப்பதற்கு எலுமிச்சைச் சுவையுள்ள நிறமற்ற பானம் பாதுகாப்பான தெரிவு. ஸ்பிரைட், செவன் அப் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. என் விருப்பம் இஞ்சிச் சுவையுள்ள மென்பானம். கோழிக்கும் இஞ்சிக்கும் உள்ள பொருத்தம் எல்லா அடுக்களைக்கும் தெரிந்ததுதான். நம் கடைகளில் இது ஜிஞ்சர் பியர் என்ற பெயரில் கிடைப்பதால் சிலர் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். பெயரில் பியர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நம் கடைகளில் மற்ற மென்பானங்களோடு ஒரே தட்டில் இருக்கும் இது மதுவற்ற சோடாவே. கோலா வகை நிறத்தைக் கூடுதலாகக் கருமையாக்கும். பொரியல் வெந்ததா கருகியதா என்று கண்ணால் மதிப்பிட இயலாமல் போகும். பச்சை நிறக் கிரீம் சோடாவின் வனிலா வாசமும், நெக்டோவின் சிவப்பும் கோழிக்கு ஒத்து வரா. சீனியில்லாத டயட் வகைகளை வாங்க வேண்டாம். செயற்கை இனிப்புகள் சீனியைப் போல் பொன்னிறம் தருவதில்லை.

இலங்கையில் 2016 முதல் மென்பானங்களின் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டால் போத்தலில் காட்டுகிறார்கள். சிவப்புக் குறியிட்ட பானம் விரைவாகக் கருகும் என்பதை மனத்தில் வைத்து, கிடைத்தால் மஞ்சள் குறியிட்டதைத் தெரிவு செய்யுங்கள். சிவப்புத்தான் கிடைத்ததென்றால் பானத்தின் கால்பங்கைக் குறைத்து அந்த அளவுக்கு வெறுஞ்சோடாவையோ தண்ணீரையோ சேர்த்துக்கொள்ளலாம்.

செட்டை வாங்குதலும் வெட்டுதலும்

1 கிலோ செட்டைக்கு இங்கே அளவு சொல்கிறேன். இறைச்சிக்காக வளர்க்கும் புறொயிலர் கோழியில் இது ஏறத்தாழ 10 முதல் 12 முழுச் செட்டைகளாக இருக்கும். ஊர்க்கோழியின் செட்டை இந்த முறைக்கு ஏற்றதன்று. அதன் தசை இறுகியது, பொரியும் நேரத்துக்குள் மெதுவாகாது, அது குழம்புக்கே உரியது. கோழிக்கடையில் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும்: தோலை உரிக்க வேண்டாம். சொல்லாவிட்டால் வழக்கத்தின்படி தோலை உரித்துவிடும் கடைகள் உண்டு. கறிக்கு அது சரி. பொரித்த செட்டையில் தோல்தான் பாதிப் பண்டம். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு உருகி வெளியேறுவதால்தான் அது சருகுபோல் முறுகுகிறது.

செட்டையில் மூன்று துண்டுகள் உண்டு: தோளோடு சேர்ந்த சதைப்பற்றான குட்டித் தொடை, இரண்டு மெல்லிய எலும்புகள் ஓடும் தட்டையான நடுத்துண்டு, சதையற்ற நுனி. மூட்டை விரலால் தடவிப் பார்த்து எலும்புக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள குழியில் கத்தியை வைத்தால் வலுவின்றியே வெட்டுப்படும். கத்தி தடைப்படுமானால் மூட்டுத் தவறியிருக்கிறது. ஒரு நூலளவு நகர்த்திப் பாருங்கள். எலும்பை உடைத்து வெட்டினால் சில்லுகள் பல்லில் படும். உறைந்த செட்டை வாங்கியிருந்தால் முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். உள்ளே பனிக்கட்டி எஞ்சியிருந்தால் சூடான எண்ணெயில் அது வெடித்துத் தெறிக்கும்.

கோழியைக் கழுவாமல் சமைக்க நம் வீடுகளில் மனம் ஒப்பாது. ஓடும் குழாய்த் தண்ணீரின் கீழ்ப் பிடித்துக் கழுவினால் சால்மொனெல்லா, கம்பைலோபக்ரர் போன்ற கிருமிகள் தெறிப்போடு சேர்ந்து பாத்திரங்களுக்கும் மரக்கறிகளுக்கும் பரவுகின்றன. கழுவியே ஆக வேண்டுமானால் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, அதற்குள் அமிழ்த்தி மெதுவாகக் கழுவி, பின்பு தொட்டியையும் பலகையையும் கைகளையும் சவர்க்காரமிட்டுத் தேய்த்துவிடுங்கள்.

ஊற வைத்தல்

400 மில்லிலீற்றர் சோடாவை ஆழமான பாத்திரத்தில் ஊற்றி, 3 மட்டத் தேக்கரண்டி தூள் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்க வேண்டும். மட்டத் தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 6 கிராம். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி வழியும். கல்லுப்பை அளவிடும்போது நிறையைத்தான் நம்ப வேண்டும், கரண்டியை அன்று. உப்புக் கரைந்ததும் 6 பல்லு உள்ளியையும் விரல் நீள இஞ்சித் துண்டொன்றையும் இடித்துப் போடுங்கள்; அரைத்த விழுது தோலில் ஒட்டிப் பின்பு எண்ணெயில் கருகுவதால் இடித்ததே நல்லது. ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், இரண்டாகக் கீறிய பச்சை மிளகாய் இரண்டு அல்லது மூன்று, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை ஆகியவற்றையும் சேர்க்கலாம். தேசிப்புளி சேர்க்க வேண்டாம். பானத்திலேயே அமிலம் இருக்கிறது. அதன்மேல் தேசிப்புளியும் சேர்ந்தால் மேற்பரப்பு மாவுபோல் பசபசத்துவிடும்.

செட்டைத் துண்டுகளை இந்த நீரில் அமிழ்த்தி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 4 முதல் 6 மணித்தியாலம் வைக்க வேண்டும். ஒருமுறை புரட்டிவிட்டால் போதும். 12 மணித்தியாலத்துக்கு மேல் வைப்பதில் பயனில்லை. உப்பும் இனிப்பும் மிஞ்சிவிடும். நம் பகுதியின் பகல் வெப்பத்தில் பாத்திரத்தை அடுக்களை மேசையில் வைத்து ஊறவிடுவது எக்காரணத்துக்காகவும் கூடாது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் மீன்காரரிடமிருக்கும் வகையான ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளை நிரப்பி, பாத்திரத்தை அதற்குள் இறக்கி வைக்கலாம். வாழைச்சேனை, கல்முனை போன்ற கடற்றொழில் ஊர்களில் ஐஸ் தேடி அலைய வேண்டியதில்லை.

உலர்த்துதல்

பலரும் பாய்ந்து கடந்துவிடும் படி இது. ஊறல் நீரிலிருந்து எடுத்த துண்டுகளை வடியவிட்டு, ஒட்டியிருக்கும் இஞ்சி உள்ளித் துணுக்குகளைத் தட்டிவிட்டு, சமையற் கடதாசியால் ஒவ்வொன்றையும் ஒற்றி எடுங்கள். மேலே தங்கும் சீனித் தண்ணீர்தான் முதலில் கருகும் பொருள். பிறகு கம்பித் தட்டொன்றில் இடைவெளி விட்டு அடுக்கி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடாமல் 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வைத்தால் தோல் தொட்டுப் பார்க்கையில் சற்றுப் பிசுபிசுப்பாக, ஆனால் ஈரமின்றி இருக்கும். அந்தப் பிசுபிசுப்பே மாவைப் பிடித்துக்கொள்ளும். ஊறல் நீரை மறுபடி பயன்படுத்தாமல் ஊற்றிவிட வேண்டும்.

மாவுக் கலவை

கோதுமை மா ஒரு கோப்பை, சோளமா அரைக் கோப்பை, அரிசி மா அரைக் கோப்பை என்பது என் அளவு. கோதுமை மா ஒட்டும் தன்மையையும் உருவத்தையும் கொடுக்கும். அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் மிகுந்தால் உறை தோல்போல் இழுபடும். சோளமாவும் அரிசி மாவும் அந்தக் குளூட்டனை ஐதாக்கி உறையை நொறுங்க வைக்கின்றன. நெல் விளையும் இந்த மாவட்டங்களில் அரிசி மா இல்லாத வீடு அரிது, ஆயினும் எந்த அரிசி மா என்பதைப் பார்க்க வேண்டும். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வறுத்து வைத்திருக்கும் மாவை இதற்கு எடுக்க வேண்டாம். அது தண்ணீரை அதிகம் குடித்துக் கட்டியாகும், பொரிந்ததும் மணல்போல் உதிரும். சிவப்பரிசி மாவிலுள்ள தவிடு நிறத்தை விரைவில் கருமையாக்கும். வெள்ளைப் பச்சையரிசியை ஊற வைத்து, இடித்து, நுண்ணிய அரிதட்டில் அரித்து, நன்றாக உலர்த்திய மாவே சிறந்தது.

இந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி கொச்சிக்காய்த் தூள் (மிளகாய்த்தூள்), கால் தேக்கரண்டி மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை அரித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் இல்லையென்று அதே அளவு அப்பச்சோடாவைப் போட்டுவிடக் கூடாது. சவர்க்காரச் சுவை வந்துவிடும். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூளையும் மாவில் கலக்க வேண்டாம். அது ஏற்கெனவே வறுபட்டது. எண்ணெயில் மீண்டும் வறுபட்டுக் கசக்கும்.

இனி வெறுஞ்சோடா. ஒரு போத்தலை முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்திருக்க வேண்டும், ஏனெனில் நீர் குளிர்ந்திருக்கும் அளவுக்கு வாயு அதில் தங்கும். எண்ணெய் சூடாகிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். உலர்ந்த துண்டை மாவில் புரட்டி உதறி, ஆழமான கிண்ணத்தில் ஊற்றிய சோடாவில் இரண்டு மூன்று வினாடி மட்டும் அமிழ்த்தி எடுத்து, மீண்டும் மாவில் போட்டு உள்ளங்கையால் அழுத்திப் புரட்டுங்கள். ஈரமான இடத்தில் மா செதில் செதிலாக ஒட்டும். அந்தச் செதில்களுக்கிடையில் சிக்கிய குமிழிகள் சூடான எண்ணெயில் விரிந்து வெடிக்க, உறை துளைகள் நிறைந்து மெல்லியதாகிறது. ஒரு சுற்றுக்குரிய 6 அல்லது 7 துண்டுகளுக்கு மட்டும் மாப் பூசுங்கள். எல்லாவற்றுக்கும் பூசி அடுக்கி வைத்தால் மா ஈரத்தைக் குடித்துக் களியாகிவிடும்.

பொரித்தல்

அகலத்தை விட ஆழம் கூடிய, அடி தடித்த தாச்சியை எடுத்து, பாதியளவுக்கு மேற்படாமல் எண்ணெய் ஊற்றுங்கள். செக்கில் ஆட்டிய சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 175 பாகையிலேயே புகையத் தொடங்குவதால் இரண்டாம் பொரிப்புக்குத் தாங்காது. சுத்திகரித்த தேங்காயெண்ணெயோ மரக்கறி எண்ணெயோ ஏற்றது. மணத்துக்காகத் தேங்காயெண்ணெயையே விரும்புவோர் இருக்கிறார்கள். எனக்கும் அந்த மணத்தில் பிரியம் உண்டு, அதனால் சுத்திகரித்ததையே வாங்குகிறேன்.

முதற்பொரிப்பு 160 முதல் 165 பாகையில். வெப்பமானி இருந்தால் சிக்கலில்லை. இல்லையென்றால் ஈர மாவுத் துளி ஒன்றை விட்டுப் பாருங்கள்: அடியில் சென்று தங்கி மெதுவாக மேலெழுந்தால் 160 பாகையை ஒட்டிய சூடு; பாதி ஆழம் வரை சென்று உடனே எழுந்தால் 180 பாகைக்கு அருகில்; மூழ்காமல் மேற்பரப்பிலேயே சிதறினால் 190 பாகையைத் தாண்டியிருக்கும். துண்டுகளை ஒவ்வொன்றாக, உங்களிடமிருந்து அப்பால் சாயுமாறு எண்ணெயில் நழுவ விடுங்கள். முதல் ஒன்றரை நிமிடம் கரண்டியைப் போடக் கூடாது. உறை இறுகுமுன் கிளறினால் பிய்ந்துவிடும். குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் சூடு இறங்குவது இயல்பு, அப்போது தீயைச் சற்றுக் கூட்ட வேண்டும். விறகடுப்பில் சமைப்பவர்கள் சூடு மிஞ்சினால் கொள்ளியை வெளியே இழுத்து, ஒரு கரண்டி பச்சை எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கலாம். 8 நிமிடமளவில் துண்டுகள் வெளிர் பொன்னிறமாகி, எண்ணெயின் சலசலப்புக் குறையும். உள்ளிருந்து ஆவி வெளியேறுவது குறைந்துவிட்டதைக் காட்டும் ஒலி அது.

வெந்ததை உறுதிசெய்ய, மிகப் பருத்த குட்டித் தொடையொன்றின் நடுவில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகுங்கள். 74 பாகை பாதுகாப்பான எல்லை. செட்டையில் இணைப்பிழையங்கள் அதிகமாதலால் 80 பாகைக்கு மேற்சென்றால்தான் அது எலும்பை விட்டுக் கழன்று வரும். வெப்பமானியில்லாதவர்கள் எலும்பு வரை கீறிப் பார்க்க வேண்டும்: வடியும் சாறு தெளிவாகவும், சதை ஒளி ஊடுருவாத வெண்மையாகவும் இருக்க வேண்டும். இளங்கோழியில் மச்சையின் நிறம் கசிந்து எலும்போரம் சிவந்தோ கறுத்தோ தெரிவதுண்டு. அந்த நிறம் மட்டும் வேகாமைக்குச் சான்றாகாது.

எல்லாச் சுற்றும் முடிந்ததும் துண்டுகளைக் கம்பித் தட்டில் 10 நிமிடம் ஆறவிட வேண்டும். இந்த ஓய்வில் உள்ளிருக்கும் ஈரம் உறைக்கு நகர்ந்து வரும். உறை சற்று இளகியது போலத் தோன்றினால் கவலைப்பட வேண்டாம். எண்ணெயில் மிதக்கும் மாத்துணுக்குகளை அரிகரண்டியால் எடுத்துவிட்டு, 185 முதல் 190 பாகைக்குச் சூடேற்றி, 2 அல்லது 3 நிமிடம் மறுபடி பொரித்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறி உறை நிலையாக முறுகும். சோடாவின் சீனி இந்தக் கட்டத்தில்தான் விளையாட்டுக் காட்டும். பொன்னிறத்துக்கும் கருநிறத்துக்கும் இடையில் அரை நிமிடமும் இராது. தொலைபேசி அழைத்தால் எடுக்க வேண்டாம்.

எண்ணெயில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, தாச்சியை இறுக்கமான மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. தாச்சியைத் தூக்கி நகர்த்தவும் கூடாது. பொரிக்கும் நேரத்தில் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகள் அடுப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

பரிமாறும்போது

பொரித்ததைக் கடதாசியில் குவித்தால் ஆவி அடியில் தேங்கி அடுக்கின் கீழ்ப்பாதி நனைந்துவிடும். கம்பித் தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். மூடியிட்ட பாத்திரத்தில் அடைக்க வேண்டாம். காற்றின் ஈரமும் கணக்கில் எடுக்க வேண்டியதே. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் முறுகல் ஒரு மணித்தியாலம் தாராளமாக நிற்கும். மாரி மழைக்காலத்தில், அதிலும் வாவிக்கரை வீடுகளில், அரை மணித்தியாலத்தில் இளகிவிடும். அந்த நாட்களில் விருந்தாளிகள் அமர்ந்த பிறகே இரண்டாம் பொரிப்பைத் தொடங்குவது நல்லது. முதற்பொரிப்பை முன்னதாக முடித்து, ஆறிய துண்டுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கலாம். குளிர்ந்த நிலையிலிருந்து எடுப்பதாயின் இரண்டாம் பொரிப்புக்கு இரண்டு நிமிடம் கூடத் தேவைப்படும், அதற்கேற்பச் சூட்டை 175 பாகையளவுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டுக்கொள்ள மட்டக்களப்பு எருமைத் தயிரை விடச் சிறந்ததை நான் காணவில்லை. ஒரு கோப்பைத் தயிரைத் துணியில் முடிந்து ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டு, வடிந்ததில் உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய உள்ளிப் பல்லு ஒன்று, நறுக்கிய புதினா சேர்த்து அடித்தால் சோடாவின் இனிப்புக்குச் சரியான எதிர்ச்சுவை கிடைக்கும். இனிப்பும் உறைப்புமாகப் பாகு பூச விரும்புவோர் அதைத் தட்டில் வைக்கும் நிமிடத்தில் பூச வேண்டும். முன்னதாகப் பூசினால் இவ்வளவு பாடும் வீண்.

எண்ணெய் முழுவதும் ஆறியதும் துணியில் வடித்துப் போத்தலில் அடைத்து, இன்னொரு தடவை பொரியலுக்கு எடுக்கலாம். கருத்தோ, நுரைத்தோ, காறல் மணத்தோடோ இருந்தால் அதை மறுபடி அடுப்பேற்ற வேண்டாம், தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். பழைய போத்தலில் அடைத்துக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள். மிஞ்சிய செட்டைகளை இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, மறுநாள் எண்ணெயின்றி வெறுந்தாச்சியில் மெல்லிய தீயில் புரட்டிச் சூடாக்கலாம். ஒதுக்கி வைத்த நுனிகளை மிளகு, மல்லி, உள்ளி தட்டிப் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டால் அன்றிரவுக்குக் கோழி ரசம் ஆகிவிடும்.